கூட்டம் பெருகட்டும், வழக்கம் குலைய வேண்டாம்

ஒரு வாசகர் வட்டம் தடம் மாறத் தொடங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் பொன்னாடை. கிளை நூலகத்தின் மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து மாதம் ஒரு புத்தகத்தைப் பேசிக்கொண்டிருந்தவரை அங்கே பொன்னாடைக்கு வேலை இல்லை. எல்லாரும் படித்துவிட்டு வந்தார்கள். படிக்க முடியாமல் போனவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு முடித்துக்கொண்டு, மிச்சப் பேச்சை டீக்கடையில் பேசினார்கள். அங்கே பேச்சு நன்றாக இருக்கிறது என்று ஊரில் பெயர் பரவியது. முப்பது பேர் ஆனார்கள், பிறகு எழுபது. வட்டமாக இருந்த நாற்காலிகள் வரிசையாயின. வரிசை வந்ததும் எதிரே ஒரு மேசை வந்தது. மேசைக்கு மைக் வந்தது. மைக் வந்தபின் வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் வந்தன. ஒருநாள் யாரோ சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை வாங்கி வந்துவிட்டார். போர்த்தினார்கள், கைதட்டினார்கள். அடுத்த மாதம் வருகிறவருக்குப் போர்த்தாவிட்டால் மரியாதைக் குறைவாகிவிடும். இப்போது இரண்டு மணி நேரக் கூட்டத்தில் நாவலைப் பற்றி இருபது நிமிடம் பேசினால் அதிகம்.

இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. பொன்னாடை வாங்கி வந்தவர் நல்ல மனிதர். மைக் கொடுத்தவர் தன் கைக்காசைப் போட்டவர். பழைய உறுப்பினர்கள் மட்டும் “முன்ன மாதிரி இல்லப்பா” என்று முணுமுணுத்துவிட்டு ஒவ்வொருவராக நின்றுவிடுகிறார்கள். அவர்கள் நின்றபின், முன்பு எப்படி இருந்தது என்று தெரிந்தவரே கூட்டத்தில் இல்லாமல் போகிறார்.

ஏரி காக்கும் குழு, காலை நடைக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம், ரத்த தானக் குழு, திரைப்படச் சங்கம் என்று பத்துப் பேரில் தொடங்கி நூறு பேரைத் தொடுகிற எந்த அமைப்புக்கும் இதே கதைதான். ஆட்கள் சேருவதைத் தடுப்பது இதற்குத் தீர்வாகாது. ஆள் சேராத அமைப்பு ஐந்தாறு வருடத்தில் தானாகவே ஓய்ந்துவிடும். சேருகிறவர்கள் பழைய வழக்கத்துக்குள் எப்படி வந்து சேருகிறார்கள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அதற்குச் சில வேலைகளை உரிய நேரத்தில் செய்தாக வேண்டும். வாசகர் வட்டத்தையே முன்னால் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்ப்போம்.

எண்ணிக்கையை விட வேகத்தைக் கவனியுங்கள்

வழக்கம் பார்த்துப் பழகுவதால் வருவது. புதிதாக வந்தவர் பக்கத்து நாற்காலிக்காரர் என்ன செய்கிறார் என்று பார்த்து அதையே செய்கிறார். பக்கத்து நாற்காலிக்காரரும் போன மாதம்தான் வந்தவர் என்றால் யாரைப் பார்த்து யார் பழகுவது?

இந்தச் சிக்கலில் மாட்டி, தப்பியும் வந்த ஓர் அமைப்பு உண்டு. குடிநோயிலிருந்து மீள நினைப்பவர்களுக்கான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ். 1935இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் இரண்டு பேர் சந்தித்துத் தொடங்கியது அது. 1939இல் கிளீவ்லாண்ட் நகர நாளிதழ் ஒன்று அதைப் பற்றித் தொடராக எழுதியது. அப்போது அந்த நகரில் இருந்த உறுப்பினர்கள் ஏறக்குறைய இருபது பேர். சில மாதங்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வந்து குவிந்தார்கள். குடியை விட்டுச் சில வாரங்களே ஆனவர்கள் நேற்று வந்தவருக்கு வழிகாட்ட வேண்டிய நிலை. வந்தவர்களைத் திருப்பி அனுப்பாமல், ஒவ்வொரு புதியவரையும் ஒரு பழையவரின் பொறுப்பில் விட்டார்கள். இன்று அந்த அமைப்பில் உலகம் முழுக்க இருக்கிற துணைவர் ஏற்பாடு கிளீவ்லாண்டில்தான் முறையாக உருவெடுத்தது. 1941 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தபோது மொத்த உறுப்பினர் எண்ணிக்கை 2,000 அளவில் இருந்தது. அந்த வருடம் முடியும்போது 8,000ஐ எட்டியது. அப்படிப்பட்ட பெருக்கத்தை அது தாங்கி நின்றதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் வட்டத்துக்கு நான் சொல்லும் கணக்கு இது: எந்த ஒரு கூட்டத்திலும் புது முகங்கள் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பதினைந்து பேர் வருகிற இடத்தில் ஐந்து புதியவர்கள் என்றால் கூட்டம் அவர்களைப் பழக்கிவிடும். பதினைந்து பழையவர்களுக்கு நடுவே நாற்பது புதியவர்கள் வந்தால் அவர்கள் கூட்டத்தைப் பழக்கிவிடுவார்கள். பத்திரிகையில் உங்களைப் பற்றிச் செய்தி வந்து திடீரென்று பலர் தொடர்புகொண்டால், அத்தனை பேரையும் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லாதீர்கள். அவர்களுக்கென்று தனியாக ஓர் அறிமுக மாலை வையுங்கள். பிறகு மாதம் ஐந்தாறு பேராக அழைத்துக்கொள்ளுங்கள். கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அன்போடு தன் வகுப்பையே கூட்டிவருவதாகச் சொல்வார். “ரொம்ப சந்தோஷம் சார். இந்த மாசம் நாலு பேர் வரட்டும், அடுத்த மாசம் நாலு பேர்” என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

எது வழக்கம், எது பழக்கதோஷம்?

காப்பாற்ற வேண்டியது எது என்று தெரியாமலே பல அமைப்புகள் காவல் காக்கின்றன. பழைய உறுப்பினர்களைக் கேட்டால் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்வார்கள்: அதே மாடி, அதே எவர்சில்வர் டம்ளர், அதே ஆறு பேரின் கேலிப்பேச்சு. இவற்றில் பெரும்பகுதி அவர்களுடைய இளமையைப் பற்றிய ஏக்கம். அதற்கும் வட்டத்தின் உயிர்நாடிக்கும் தொடர்பில்லை.

பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. தொடக்கத்திலிருந்து வருகிற ஐந்தாறு பேரைத் தனித்தனியாகக் கேளுங்கள்: “எது நின்னுபோனா நீங்க வர்றத நிறுத்திடுவீங்க?” ஒருவர் “படிக்காம வந்து பேசறவங்க அதிகமானா” என்பார். இன்னொருவர் “எழுத்தாளரோட சாதியப் பத்திப் பேச ஆரம்பிச்சா” என்பார். மூன்றாமவர் “நேரத்துக்கு முடியலைன்னா, எனக்குக் கடைசி பஸ் போயிடும்” என்பார். பதில்களில் திரும்பத் திரும்ப வருகிற நாலைந்துதான் உங்கள் வழக்கம். மற்றவற்றைக் காலத்தோடு விட்டுவிடலாம். டம்ளர் பேப்பர் கப் ஆனால் ஒன்றும் மூழ்கிவிடாது. மாடி கைவிட்டுப்போய் ஒரு பள்ளிக்கூட வகுப்பறைக்குக் குடிபோனாலும் நாற்காலி வட்டமாகவே இருக்கட்டும். யார் முகத்தை யார் பார்த்துப் பேசுகிறார்கள் என்பதை நாற்காலி போடும் விதம்தான் தீர்மானிக்கிறது.

எழுதி வையுங்கள், ஒரு பக்கத்துக்குள்

பன்னிரண்டு பேர் இருக்கும்போது எதையும் எழுத வேண்டியதில்லை. முப்பதைத் தாண்டும்போது எழுதியாக வேண்டும். எழுதாத விதி புதியவருக்குத் தெரியாது. தெரியாமல் மீறிவிட்டு எல்லார் முகமும் சுருங்குவதைப் பார்ப்பது போன்ற அவமானம் வேறில்லை.

ஆனால் எழுத உட்கார்ந்தால் கை நிற்காது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதற்கும் ஒரு பாடம் வைத்திருக்கிறது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு ஊர்க் குழுவும் யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கக் கூடாது என்று தனித்தனியாக விதி போட்டிருந்தது. தலைமை அலுவலகம் எல்லாக் குழுக்களின் விதிகளையும் வரவழைத்து ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, அத்தனையும் ஒரே நேரத்தில் நடைமுறையில் இருந்தால் யாருமே உறுப்பினராகியிருக்க முடியாது என்று தெரிந்தது. இன்னொரு ஊர்க் குழு பெரிய கட்டடம், பெரிய திட்டம் என்று கிளம்பி 61 விதிகள் எழுதியது. எல்லாம் சரிந்தபின் அவர்களே 62ஆவதாக ஒன்றைச் சேர்த்து மற்ற ஊர்களுக்கு அனுப்பினார்கள்: நம்மை நாமே ரொம்பப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது அதன் சாரம். இப்படிப் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சுருக்கி 1946இல் பன்னிரண்டு மரபுகளாக வெளியிட்டார்கள். 1950இல் கிளீவ்லாண்டில் கூடிய மாநாடு அவற்றை ஏற்றது. பதினொரு வருடம் நடந்து பார்த்த பிறகு எழுதியதால்தான் அந்தப் பன்னிரண்டும் இன்றுவரை நிற்கின்றன.

நம் ஊரிலேயே இதைவிடச் சுருக்கமான ஒன்று இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களின் பஞ்சசூத்திரம்: தவறாமல் கூடுவது, தவறாமல் சேமிப்பது, குழுவுக்குள் கடன் கொடுப்பது, தவணையை நேரத்தில் கட்டுவது, கணக்கை ஒழுங்காக எழுதுவது. ஐந்தே வரி. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினரும் விரல் விட்டுச் சொல்லிவிடுவார். தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய குழுக்கள் எல்லா மாவட்டங்களுக்கும் பரவ முடிந்ததில், மனதில் நிற்கிற இந்தச் சுருக்கத்துக்கும் பங்கு உண்டு.

வாசகர் வட்டத்துக்கு ஒரு மாதிரி தருகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

1. புத்தகத்தைப் படித்தவர்கள் முதலில் பேசுவார்கள். படிக்காதவர்களும் வரலாம், கேட்கலாம்.

2. ஒருவருக்கு ஐந்து நிமிடம். எல்லாரும் ஒரு முறை பேசி முடித்தபின் இரண்டாவது வாய்ப்பு.

3. பேச்சு எழுத்தைப் பற்றி. எழுதியவரின் சாதி, கட்சி, குடும்பம் பற்றி அல்ல.

4. மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசு கிடையாது. எல்லாருக்கும் டீ உண்டு.

5. நாலு மணிக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடிப்போம்.

ஒவ்வொரு விதிக்கும் பின்னால் காரணத்தையும் அரை வரியில் எழுதிவிடுங்கள். ‘ஆறு மணிக்கு முடிப்போம், வெளியூர்க்காரர்களுக்குப் பேருந்து இருக்கிறது’ என்று இருந்தால் யாரும் வாதாட மாட்டார்கள். காரணம் தெரியாத விதியை முதல் ஆள் கேள்வி கேட்பார், இரண்டாவது ஆள் மீறுவார், மூன்றாவது ஆள் மறந்துவிடுவார். மீறினால் கண்டிக்கத் துணிவில்லாத விதியை எழுதவே எழுதாதீர்கள். ஒரு விதி செத்துக் கிடந்தால் மற்ற நான்கிற்கும் மரியாதை போய்விடும்.

புதியவருக்கு ஒரு துணை, ஒரு வேலை

விதித்தாளைக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் அது சட்டைப் பையிலேயே சலவைக்குப் போகும். ஆள்தான் வேண்டும். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் முதல் மூன்று கூட்டங்களுக்கு ஒரு பழைய உறுப்பினரைத் துணையாக்குங்கள். செயலாளர் அல்ல, தலைவர் அல்ல. சாதாரணமாக வந்து பேசிவிட்டுப் போகிற ஒருவர். அவர் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. முதல் நாள் பக்கத்தில் உட்கார வேண்டும். கூட்டத்துக்கு முந்தின வாரம் ஒரு போன் செய்ய வேண்டும்.

“அம்மா, இந்த மாசம் எந்தப் புத்தகம்னு தெரியுமில்ல? கிடைக்கலைன்னா எங்கிட்ட ஒரு பிரதி இருக்கு, குடுக்கறேன். முழுசும் முடிக்கலைன்னாலும் வந்துருங்க. மொதல்ல ரெண்டு பேர் பேசறதக் கேட்டீங்கன்னா எப்படிப் போகுதுன்னு புரிஞ்சுரும்.”

இந்த நாலு வரியில் மூன்று விதிகள் சொல்லப்பட்டுவிட்டன. கேட்டவருக்கு விதி சொன்னார்கள் என்றே தோன்றாது. அதுதான் சொல்லும் முறை.

இரண்டாவது, வேலை. வெறும் பார்வையாளராக ஆறு மாதம் வந்தவர், அமைப்பு தனக்கு என்ன தருகிறது என்று கணக்குப் பார்க்கத் தொடங்கிவிடுவார். நாற்காலி போட்டவர், டீ எண்ணிக்கை சொன்னவர், ஐந்து நிமிடம் ஆனதும் மணி அடித்தவர் அப்படிப் பார்ப்பதில்லை. மணி அடிக்கும் வேலையை வேண்டுமென்றே புதியவர்களிடம் கொடுங்கள். ஊரில் பெரிய பேச்சாளர் ஒருவருக்கு ஐந்தாவது நிமிடத்தில் மணி அடித்து, அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார் என்றால், மணியடித்த அந்த இளைஞர் பத்து வருடத்துக்கு அந்த விதியின் காவலர்.

பெரிய மனிதரிடம்தான் விதி தோற்கும்

வழக்கத்தை முதலில் உடைப்பவர் பெரும்பாலும் புதியவர் அல்ல. தொடங்கியவரின் நண்பர், ஓய்வுபெற்ற உயர் அதிகாரி, நன்கொடை தருகிறவர், ஊர்ப் பிரமுகர் இவர்களில் ஒருவர்தான். “சார் ஒருத்தருக்காக ஒரு பத்து நிமிஷம்” என்று விட்டுக்கொடுத்ததை முப்பது பேர் பார்த்துவிடுகிறார்கள். அந்த முப்பது பேருக்கும் இனி விதி என்பது சிறியவர்களுக்கானது.

யாருக்காகவும் வளையாத கண்டிப்புக்குக் காரைக்குடிக் கம்பன் கழகத்தை நினைத்துப் பாருங்கள். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கியது. கம்பன் திருநாள் பங்குனியில் வரும், அத்த நாளன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில் நிறைவு பெறும். ஆண்டுதோறும் நாளும் இடமும் முன்கூட்டியே தெரிந்திருப்பது ஒரு பலம். நேரம் தவறாமை இன்னொரு பலம். குறித்த நேரத்துக்குத் தொடங்குவதில் சா. கணேசன் காட்டிய கண்டிப்பை அந்த வட்டாரத்தில் இன்றும் சொல்வார்கள். அவர் 1982இல் மறைந்தார். கழகம் நடந்துகொண்டிருக்கிறது. பல ஊர்களிலும் கம்பன் கழகங்கள் எழுந்தன.

கடிகாரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அதற்கு ஆள் தெரியாது. வந்தவர் மூன்று பேரானாலும் நாலு மணிக்குத் தொடங்குங்கள். சிறப்பு விருந்தினர் வழியில் இருக்கிறார் என்றாலும் தொடங்குங்கள். இரண்டு முறை தொடங்கிவிட்டால் மூன்றாவது முறை எல்லாரும் நேரத்துக்கு வருவார்கள். நேரத்தில் கண்டிப்பாக இருக்கும் இடத்தில் மற்ற விதிகளும் மதிக்கப்படுகின்றன. ‘இவங்க சொன்னா செய்வாங்க’ என்ற பெயர் வந்துவிடுகிறது.

பொன்னாடையோடு வருகிறவரை அவமானப்படுத்தாமல் எப்படித் தடுப்பது? மேடையில் வைத்து மறுக்கக் கூடாது. வாசலிலேயே ஒருவர் இருக்க வேண்டும். “அண்ணே, இங்க யாருக்குமே போர்த்தறதில்ல, மொத நாள்லேர்ந்து அப்படித்தான். அந்தக் காசுல நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கிக் குடுத்துருங்க, உள்ள உங்க பேர எழுதிருவோம்” என்று சொன்னால் அவருக்கும் மனம் நோகாது. மறுக்கும்போது கையோடு மாற்று ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும்.

மீறினால் என்ன செய்வது?

பொதுச் சொத்துகளை ஊர் மக்களே எப்படி நிர்வகிக்கிறார்கள் என்று ஆராய்ந்த எலினோர் ஆஸ்ட்ரம், பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை 2009இல் பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர். பாசன வாய்க்கால், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்நிலை என்று நீண்ட காலம் நிலைத்த ஏற்பாடுகளில் அவர் கண்ட பொதுக் கூறுகளில் இரண்டு நமக்கு நேரடியாகப் பயன்படும். ஒன்று, கண்காணிப்பவர் வெளியாள் அல்ல, உறுப்பினர்தான், அல்லது உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். இரண்டு, முதல் தவறுக்குச் சிறிய தண்டனை. திரும்பத் திரும்பச் செய்தால் படிப்படியாகக் கூடும். அவர் எழுதிய இடங்களில் ஒன்று ஸ்பெயினின் வாலென்சியா. அங்கே வாய்க்கால் தகராறுகளைத் தீர்க்க, விவசாயிகள் தேர்ந்தெடுத்தவர்கள் வியாழக்கிழமைதோறும் நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறார்கள். வழக்கறிஞர் இல்லை. எல்லாம் வாய்ப்பேச்சு. அங்கேயே தீர்ப்பு.

நம் அமைப்புகளில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஒருவர் எழுத்தாளரின் சாதியை இழுத்துப் பேசுகிறார். எல்லாரும் நெளிகிறார்கள், யாரும் சொல்வதில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை. ஆறாம் முறை ஒருவர் வெடித்துக் கத்துகிறார். வெடித்தவர் கோபக்காரர் என்று பெயர் வாங்குகிறார், பேசியவர் பாதிக்கப்பட்டவராகிவிடுகிறார்.

படிகளை முன்பே வகுத்துக்கொள்ளுங்கள். முதல் முறை, அந்த இடத்திலேயே நடத்துநர் சிரித்த முகத்தோடு “நாவலுக்கு வருவோம்” என்று திருப்ப வேண்டும். பெயர் சொல்ல வேண்டாம். இரண்டாம் முறை, டீ நேரத்தில் தனியாக ஒருவர் பேச வேண்டும். அவருக்கு நெருக்கமானவர் பேசினால் இன்னும் நல்லது. மூன்றாம் முறை, நிர்வாகிகள் இருவர் சேர்ந்து தெளிவாகச் சொல்ல வேண்டும்: இன்னொரு முறை நடந்தால் மூன்று மாதம் வர வேண்டாம் என்று. நான்காம் முறை அதைச் செய்ய வேண்டும். செய்துவிட்டு ஊரெல்லாம் பேசக் கூடாது. மூன்று மாதம் கழித்து அவர் வந்தால் பழையபடி நாற்காலி போட வேண்டும். பெண் உறுப்பினரிடம் தவறாக நடப்பது, காசு கையாடல் போன்றவற்றுக்கு மட்டும் இந்தப் படிகள் பொருந்தாது. அங்கே முதல் முறையே வெளியேற்றம், தேவையானால் புகார்.

காசு வரும் வழி

கூட்டம் பெருகினால் செலவு பெருகும். வாடகை, மைக், டீ. அப்போது ஒருவர் மொத்தத்தையும் ஏற்றுக்கொள்கிறேன் என்று வருவார். பதிலுக்கு ஒரு பிளெக்ஸ் மட்டும் என்பார். அடுத்த மாதம் பேச்சாளரை அவர் சொல்வார்.

ராக்பெல்லர் விஷயத்தை இங்கே சொல்ல வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்காரர்கள் அமெரிக்கப் பெருஞ்செல்வர் ஜான் டி. ராக்பெல்லர் ஜூனியரிடம் பெரிய தொகையை எதிர்பார்த்துப் போனார்கள். அவர் ஒரு சிறு தொகையை ஏற்பாடு செய்துவிட்டு, பணம் இதைக் கெடுத்துவிடும் என்ற கவலையால் அதற்கு மேல் கொடுக்க மறுத்தார். ஏமாற்றத்தோடு திரும்பியவர்கள் பின்னாளில் வெளிப்பணமே வாங்குவதில்லை என்பதை மரபாக்கிக்கொண்டார்கள்.

அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. உங்கள் அன்றாடச் செலவு மட்டும் உறுப்பினர் போடும் காசிலேயே நடக்கட்டும். மேசையில் ஓர் உண்டியல், கதவில் மாதக் கணக்கு. யார் எவ்வளவு போட்டார் என்பது தெரிய வேண்டாம். வாடகை கட்ட முடியவில்லை என்றால் வாடகை இல்லாத இடத்துக்குப் போங்கள். நன்கொடை பெற்றால் புத்தகமாகப் பெறுங்கள். ஒருவர் காசு நின்றால் கூட்டமே நிற்கும் என்ற நிலை வந்த அன்று, விதிகளை எழுதுகிற பேனா அவர் கைக்குப் போய்விட்டது.

பெருத்தால் பிரியுங்கள்

ஒரு வட்டத்தில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்றால் இருபது பேர் பேச நூறு நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரக் கூட்டத்துக்கு அதுதான் எல்லை. அதற்கு மேல் வருகிறவர்கள் வெறும் பார்வையாளர்கள். பார்வையாளர் கூடினால் மேடை வரும். மேடை வந்தால் பொன்னாடை வரும். ஆகவே வழக்கத்தைக் காப்பாற்றும் வழிகளில் பிரிவதும் ஒன்று.

சுய உதவிக் குழுவில் அதிகபட்சம் இருபது பேர் என்று வைத்ததற்குச் சட்டக் காரணம் ஒன்று இருந்தது. அப்போதிருந்த கம்பெனிச் சட்டத்தின்படி, லாபம் கருதும் தொழிலுக்காகச் சேர்கிறவர்கள் இருபதைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும். சட்டத்தின் எல்லை பின்னர் தளர்ந்தபோதும் குழுக்கள் அந்த அளவிலேயே நின்றன. ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்திருந்தால்தான் அங்கே கடன் திரும்பி வரும். ஆள் கூடினால் புதுக் குழு. குழுக்களெல்லாம் சேர்ந்து ஊராட்சி அளவில் கூட்டமைப்பு. சிறியதாகவும் இருக்கலாம், பெரியதாகவும் வளரலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம்மிடம் இல்லை.

பிரிக்கும்போது ஒரு தவறு நடக்கும்: பழையவர்கள் எல்லாரும் ஒரு பக்கம், புதியவர்கள் எல்லாரும் மறுபக்கம். புதுக் குழுவுக்கு வழக்கம் தெரிந்தவர் எவரும் இருக்க மாட்டார். பழைய உறுப்பினர்களில் நன்றாகப் பழக்கத் தெரிந்த மூன்று நாலு பேரைப் புது வட்டத்துக்கு அனுப்புங்கள், குறைந்தது ஒரு வருடத்துக்கு. மனவருத்தம் இருக்கும். பிரிவதைக் கோபித்துக்கொண்டு போவதாக ஊர் பார்க்கும். அதனால் இரண்டு வட்டமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஒன்றாகக் கூடும் என்று முதல் நாளே அறிவித்துவிடுங்கள். புத்தகத்தைத் தனித்தனியே தேர்ந்தெடுக்கட்டும். அந்த ஐந்து வரி மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும்.

தொடங்கியவருக்கு ஒரு வார்த்தை

திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபை தமிழ் ரசனையின் வரலாற்றில் பெரிய பெயர். அவர் குற்றாலத்துக்குப் போனபோது ரசிகர்களும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்குப் போனார்கள். அவர் இருந்த இடமே சபை. 1954இல் அவர் மறைந்தபின் அந்தச் சபையைத் தொடர யாராலும் முடியவில்லை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஒரு மேதையைச் சுற்றிக் கூடிய கூட்டம் அப்படித்தான் இருக்கும். நீங்கள் நடத்துவது அப்படிப்பட்டதா, உங்களுக்குப் பின்னும் நடக்க வேண்டியதா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

பின்னதென்றால் விலகக் கற்றுக்கொள்ள வேண்டும். நடத்துநர் மாதம் ஒருவர். செயலாளர் இரண்டு வருடத்துக்கு மேல் வேண்டாம். நீங்கள் ஊரில் இருக்கும்போதே வருடத்தில் இரண்டு கூட்டத்துக்குப் போகாதீர்கள். மறுநாள் போன் செய்து விசாரிக்கவும் வேண்டாம். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தொடங்கிய இருவரில் உயிரோடிருந்த பில், 1955இல் செயின்ட் லூயிஸ் மாநாட்டில் பொறுப்பைக் குழுக்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்தார். அதன்பின் பதினைந்து வருடத்துக்கு மேல் அவர் உயிரோடிருந்தார். அமைப்பு தன் காலில் நின்றது.

தொடங்கியவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதியவர் கேட்கும் கேள்வி சில சமயம் நியாயமாக இருக்கும். ஆறு மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடிவதே எங்கள் மரபு என்று ஒரு வட்டம் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கலாம். அதனாலேயே அங்கே பெண்கள் வராமலிருக்கலாம். இத்தனை வருடம் அதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்றாவது கூட்டத்துக்கு வந்த பெண் ஒருவர் கேட்பார். அவரைப் பார்த்து “இங்க அப்படித்தான்” என்று சொல்வது வழக்கத்தைக் காப்பதாகாது, வாசலை அடைப்பதாகும். வருடத்துக்கு ஒரு முறை, எல்லாரும் இருக்கும் ஒரு கூட்டத்தில், அந்த ஐந்து வரியையும் எடுத்துப் படித்து எதை மாற்றலாம் என்று கேளுங்கள். அந்த ஒரு நாளைத் தவிர மற்ற நாட்களில் விதியைப் பற்றி விவாதம் வேண்டாம், புத்தகத்தைப் பற்றிப் பேசுங்கள்.

இவ்வளவையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. உங்கள் குழுவில் இருபது பேர் இருந்தால் முதலில் மூன்றைச் செய்யுங்கள்: பழையவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டு ஐந்து வரி எழுதுங்கள். அடுத்து வருகிற புதியவருக்கு ஒரு துணையைக் காட்டுங்கள். அடுத்த கூட்டத்தைச் சொன்ன நேரத்துக்குத் தொடங்குங்கள். இருபது பேராக இருக்கும்போது இது ஒரு மாலை நேர வேலை. இருநூறு பேரான பிறகு இதே வேலையைத் தொடங்கினால் பாதிப் பேர் உங்களோடு சண்டைக்கு வருவார்கள், மீதிப் பேர் பொன்னாடையோடு வருவார்கள். நாளைக்கு என்று தள்ளிப்போடாமல் இந்த மாதமே உட்காருங்கள்.